வலிக்காத கால்

போன சனிக்கிழமை ராக்கிராக்கியில் ஓர் ஆளின் கால் கட்டைவிரலைத் தொட்டேன். அடுத்த விரலைத் தொட்டேன். சுண்டுவிரல் வரைக்கும் தொட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். மனிதர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, சமர்த்தாக உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரே கேட்டார்.

"எப்ப சிஸ்டர் ஆரம்பிப்பீங்க?"

கிளாஸ் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஆரம்பித்து முடித்தே விட்டிருந்தேன்.

என்ன கிளாஸ், யார் கால் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களில் சிலர் 'இந்தம்மா எப்பவும் பாதியில்தான் ஆரம்பிக்கும்' என்று எழுதிப் போடுவார்கள்.

என் உத்தியோகம் எங்கள் தீவு நாட்டின் தலைநகரான சுவாவில். நர்ஸுகளுக்குப் பாடம் நடத்துவது. படித்து முடித்து வேலைக்குப் போன நர்ஸுகளை மறுபடி உட்கார வைத்து, புதிதாக வந்ததைச் சொல்லிக்கொடுப்பது. அதிலும் என் பங்குக்கு வந்தவர்கள், கரும்பு வெட்ட வருகிற ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸுகள். சீசன் வந்தால் ராக்கிராக்கியின் பினாங்கு சர்க்கரை மில் பக்கம் அடுத்த தீவு லம்பாசாவிலிருந்தும், இன்னும் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து இறங்குவார்கள். பாரக் என்கிற நீளக் கொட்டகையில் தங்குவார்கள். விடிவதற்குள் வயலுக்குப் போவார்கள். காய்ச்சல், வெட்டுக்காயம், முதுகு வலி, சர்க்கரை வியாதி... எல்லாவற்றையும் கூடவே கொண்டுவருவார்கள். சீசன் முடிந்தால் அத்தனையையும் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள். இவர்களுக்கு வைத்தியம் பார்ப்பது லேசான வேலை இல்லை.

இந்த நர்ஸுகளுக்கான கிளாஸ் எங்கே நடந்துகொண்டிருந்தது தெரியுமா? சுவாவில். ஏசி ரூமில். டீ, கேக், மறுபடி டீ. சுவரில் ஸ்லைடு போட்டு ஒரு காலைக் காட்டுவார்கள் — ரோஜா நிறத்தில், கொழுகொழுவென்று, வெளிநாட்டுக் கால். அந்தக் கால் ஒரு நாளாவது கரும்பு வயலில் இறங்கியிருக்குமா? நர்ஸுகளும் பார்த்துத் தலையாட்டிவிட்டு, சாயந்திரம் கடைத்தெருவில் துணி வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள்.

'கிளாஸை ராக்கிராக்கியில் வைக்கிறேன், அதுவும் சீசனில் வைக்கிறேன்' என்று எங்கள் அதிகாரியிடம் போய் நின்றேன். நல்ல மனிதர். ஆனால் எதைக் கேட்டாலும் முதலில் முடியாது என்பார்.

"சீசன்ல நர்ஸுகளை எப்படி விடுவாங்க?"

"சீசன்லதானே சார் கால் வரும்?"

"போன வருஷம் மாதிரியே இங்கயே வைங்களேன். எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்களே."

"ஆமா சார். கேக் நல்லா இருந்தது."

மூன்று தடவை போனேனா, நாலு தடவையா... கணக்கு வைக்கவில்லை. என் தலையைப் பார்த்தாலே அவர் டெலிபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தேன். எத்தனை நேரம்தான் ஒரு மனிதர் யாரும் பேசாத டெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டிருப்பார்? கடைசியில் 'போய்த் தொலை' என்பதை ஆபீஸ் பாஷையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அப்படிக் கிடைத்ததுதான் போன சனிக்கிழமை. ஒரு பள்ளிக்கூட ஹால், பெஞ்சு, வெக்கை. வெளியே கரும்பு லாரிகளின் சத்தம். பாரக்கிலிருந்து சர்க்கரை வியாதி உள்ள நிஜமான ஒரு ஆளைக் கூட்டிவரச் சொல்லியிருந்தேன். வந்தவர் கோவிந்தன். (அது அவர் பெயர் இல்லை. "எழுதுங்க சிஸ்டர், பேரை மட்டும் மாத்திடுங்க. மாத்தறதுதான் மாத்தறீங்க, சாமி பேரா வைங்க" என்று அவரே சொன்னார். வைத்துவிட்டேன்.)

லம்பாசாக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். வருஷா வருஷம் வெட்டுக்கு வருகிறவர். அங்கே வந்திருந்தவர்களில் ஒழுங்காகத் தமிழ் பேசியது அவர் ஒருவர்தான். கிளாஸ் இங்கிலீஷிலும் நம் ஊர் இந்தியிலும் நடந்தது; மற்றவர்கள் பேச்சை நான்தான் தமிழாக்கியிருக்கிறேன். தமிழ் இப்போது நம் பிள்ளைகளுக்குக் கோயிலில் சாமியிடம் பேசுகிற பாஷை ஆகிவிட்டது. அதைப் பற்றி இன்னொரு நாள் புலம்புகிறேன்.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு நாள்பட நாள்படக் காலில் உணர்ச்சி போகும். அதைக் கண்டுபிடிக்க மெஷின் வேண்டாம். கண்ணை மூடச் சொல்லி, விரல் நுனியால் மெல்லத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டால் போதும். அதைத்தான் செய்து காட்டினேன். அதற்குத்தான் 'எப்ப ஆரம்பிப்பீங்க' என்றார்.

"தொட்டுட்டேன் அண்ணே. எல்லா விரலையும் தொட்டுட்டேன்."

கண்ணைத் திறந்தார். பயப்படுவார் என்று நினைத்தேன். முகம் மலர்ந்துவிட்டது.

"அதானே பார்த்தேன். இந்த வருசம் ஆத்தா முழுசா எறங்கிட்டா சிஸ்டர். குழியில கால வெச்சேன்... பச்சத் தண்ணியில நடந்தாப்பல இருந்துச்சு. சுடவே இல்ல. இன்னும் அந்த அருள் கால்லயே நிக்குது போலக்குது."

கோவிந்தன் தீமிதிக்கிறவர். சீசனுக்கு முன்னாலேயே வந்து, அங்கேயுள்ள மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டு, விரதம் இருந்து, மற்றவர்களுக்கு முன்னால் குழியில் இறங்குகிறவர். பாரக்கிலும் கோயிலிலும் அவருக்கு அதனால் ஒரு தனி மரியாதை.

அவர் இதைச் சொன்னதும் என்ன நடந்தது என்று நினைக்கிறீர்கள்? முன் பெஞ்சில் இருந்த சரோஜினி சிஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டார். அங்கே இருப்பதிலேயே சீனியர் நர்ஸ் அவர்தான். அந்தக் கோயில் கமிட்டியின் செக்ரட்டரிக்கு மனைவி. அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர் கும்பிட்டார். பின்னால் இருந்தவர்கள் எழுந்து கும்பிட்டார்கள். காலில் உணர்ச்சி இல்லை என்று ஒரு நோயாளி சொல்கிறார், ஒரு ஹால் நிறைய நர்ஸுகள் அந்தக் காலைக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறோம். நிற்கிறோம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், என் கையும் பாதி உயர்ந்துவிட்டது. நானும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற குடும்பம்தானே?

கும்பிடாதவள் ஆயிஷா மட்டும்தான். நமாகா பக்கத்துப் பெண். வேலைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. அவர்களும் நம்மைப்போல் கூலிக்கப்பலில் வந்த தெற்கத்தி முஸ்லிம் குடும்பம்தான். வீட்டில் இந்திதான் பேசுவார்கள். எங்கள் கைகள் எல்லாம் கும்பிடப் போனபோது அவள் கை சும்மா இருந்தது, கண் வேலை பார்த்தது. நாளைக்கே வேறொரு விஷயத்தில் அவள் கை உயரும், என் கை சும்மா இருக்கும். ஒரே மாதிரி ஆட்களை மட்டும் வைத்துக் கிளாஸ் நடத்தக்கூடாது என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

"அங்கிள், அந்த ஷூவையும் கழட்டுங்க" என்றாள்.

அப்போதுதான் கவனித்தேன். வலது காலை மட்டும்தான் எங்களுக்குக் காட்டியிருந்தார். இடது கால் கான்வாஸ் ஷூவோடு பெஞ்சுக்கு அடியில் ஒதுங்கி இருந்தது.

"வேணாம்மா. குளுருது."

ராக்கிராக்கி வெயிலில் குளிர்கிறதாம். அவர் கண் என்னைத் தாண்டிச் சரோஜினியிடம் போய் வந்தது. எனக்குப் பட்டென்று விளங்கிவிட்டது.

தீமிதி தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விரதத்தில் தவறு இல்லாமல் இருந்தவனைத் தீ ஒன்றும் செய்யாது என்பது நம்பிக்கை. காலில் புண் கண்டால், 'என்னவோ தப்புப் பண்ணியிருக்கான்' என்று பேசுவார்கள். கறி தின்றானா, போதைக்குக் கவா குடித்தானா, வேறு எங்காவது போனானா... ஆளுக்கு ஒரு கதை கட்டுவார்கள். தீமிதி முடிந்து நாளாகிவிட்டாலும் சரி, புண் எதனால் வந்ததென்று யாரும் கேட்க மாட்டார்கள். முன்னால் இறங்குகிறவருக்குக் காலில் புண் என்றால் பேச்சுக்குக் கேட்கவா வேண்டும்?

ஆக, உணர்ச்சி இல்லாவிட்டால் அருள். புண் இருந்தால் குற்றம். முதலாவதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம், இரண்டாவதை மூடி மறைக்க வேண்டும். சர்க்கரை வியாதிக்கு இதைவிட வசதியாக யார் ஏற்பாடு செய்து தர முடியும்?

எல்லோரையும் டீ குடிக்கப் போகச் சொன்னேன். டீ இன்னும் கொதிக்கவே இல்லை என்றார்கள். "அப்ப போய்க் கொதிக்க வைங்க" என்றேன். ஆயிஷாவை மட்டும் இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

ஷூ கழன்றது, சாக்ஸ் கழலவில்லை. தண்ணீர் ஊற்றி நனைத்து உரித்தோம். வாடையை எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். கட்டைவிரலுக்கு அடியில் ஆழமாகப் புண். சுற்றிலும் கறுத்துவிட்டது. ஆயிஷா லைட்டைப் பிடித்துப் பார்த்து, இடுக்கியால் எதையோ இழுத்தாள். கரும்புச் சிராய். வெட்டின கரும்பின் அடிக்கட்டை ஷூவைக் குத்திக்கொண்டு உள்ளே போய், ஒடிந்து, அங்கேயே தங்கிவிட்டது. அதன்மேல் நடந்துதான் இந்த மனிதர் கரும்பு வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

அவர் அந்தச் சிராயைக் கையில் வாங்கிப் பார்த்தார். புண் இருப்பது தெரியும். துணி சுற்றிக்கொண்டு, பாரக்கில் எல்லோரும் குளித்த பிறகு குளித்து, மறைத்து வந்திருக்கிறார். உள்ளே ஒரு துண்டுக் கரும்பு இருப்பது தெரியாது. அப்போதுதான் முதல் தடவையாக அவர் முகத்தில் பயத்தைப் பார்த்தேன்.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும் அண்ணே."

"சீசன் முடியட்டும் சிஸ்டர். கையெடுத்துக் கும்பிடறேன்."

"சீசன் முடியறதுக்குள்ள கால் முடிஞ்சிடும்."

"கால் போனா ஒத்தக் கால்ல நிப்பேன். பேரு போனா எங்க போயி நிப்பேன்? அந்தக் கோயில்ல எம் பின்னால வந்துதான் அத்தனை பசங்களும் எறங்குறாங்க. சரோஜினியம்மா காதுல உளுந்தா செக்ரட்டரி காதுல உளுந்த மாதிரி. அடுத்த வருசம் நான் கோயில் வாசல மிதிக்க முடியுமா?"

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை, ஆத்தாமேலும் இல்லை. எங்கள்மேல்தான். எத்தனை வருஷமாகக் கிளாஸ் நடத்துகிறோம்? எந்தக் கிருமிக்கு எந்த மருந்து, எந்த மருந்துக்கு எந்த அளவு என்று மணிக்கணக்கில் சொல்லிக்கொடுக்கிறோம். நோயாளி 'இது அருள்' என்று சொன்னால் நர்ஸ் அடுத்ததாக என்ன சொல்ல வேண்டும் என்று ஒருத்தருக்காவது சொல்லிக்கொடுத்தோமா? ஸ்லைடில் வருகிற ரோஜாக் கால் ஒரு நாளும் அப்படிச் சொல்லாதே.

'அருளாவது ஒன்றாவது, இது வியாதி' என்று சொல்லியிருந்தால் அவர் எழுந்து போயிருப்பார். போனவர் திரும்பியிருக்க மாட்டார். அதனால் வேறு மாதிரி கேட்டேன்.

"அண்ணே, குழியில இறங்கறதுக்கு முன்னாடி புதுப் பசங்க காலை யாரு பார்க்கிறது?"

"நாந்தான்."

"கால்ல காயத்தோட ஒருத்தன் வந்தா?"

"எறக்க மாட்டேன். கட்டுப் போட்டு உக்கார வெச்சிருவேன். காயத்தோட மிதிச்சா சீப்புடிச்சிருமே."

"அவன் விரதத்துல ஏதோ தப்புப் பண்ணிட்டான்னு சொல்லுவீங்களா?"

"சேச்சே... பாவம், வயல்ல எங்கனா வெட்டிட்டிருப்பான்." சொல்லிவிட்டுத் தன் காலையே பார்த்தார். எழுந்திருக்கவில்லை. பிறத்தியாருக்குச் சொல்கிற நியாயத்தைத் தனக்குச் சொல்லிக்கொள்ள நம்மில் யாருக்கு லேசில் வாய் வருகிறது?

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. டீ டம்ளரோடு சரோஜினி. மூன்று டம்ளர்கள். 'உள்ளே இருக்கிறவர்களுக்கு யார் டீ தருவது' என்று தானே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். யாருக்குத் தெரியக்கூடாதோ அவரே எதிரில் நிற்கிறார். கோவிந்தன் காலைச் சட்டென்று இழுக்கப் பார்த்தார். ஆயிஷா குதிகாலை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

சரோஜினி டம்ளர்களைப் பெஞ்சின்மேல் வைத்தார். புண்ணைப் பார்த்தார். இவர் இப்போது ஒரு வார்த்தை தப்பாகப் பேசினால் இந்தக் கால் போய்விடும்.

"தீயால வந்ததா அண்ணா?"

"இல்லம்மா. கரும்புக் கட்டை."

"எப்ப?"

"தீமிதிக்குப் பொறவுதாம்மா. ஆத்தா மேல சத்தியமா..."

"சத்தியம் எல்லாம் எதுக்கு? புண்ணைப் பார்த்தா தெரியாதா எனக்கு?"

சரோஜினி தரையில் உட்கார்ந்தார். புடவைமேல் டவலை விரித்து அவர் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். பஞ்சு, மருந்து, கட்டு... கை பழகின கை, தடுமாறவே இல்லை. நான் நடத்த வேண்டிய பாடத்தை ஆயிஷாவுக்கு அவர் நடத்தினார். கட்டி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"முதல்ல கும்பிட்டது நான்தான் மேடம். அதனால வண்டி கூப்பிடறதும் நான்தான்."

ஆம்புலன்ஸ் வந்தது. ஹால் வாசலில் நர்ஸுகள், லாரிக்காரர்கள், பாரக்கில் விஷயம் கேட்டு ஓடிவந்த சர்தார் — வெட்டுக்காரர்களுக்கு மேஸ்திரி — என்று நல்ல கூட்டம். கோவிந்தன் தலையைக் குனிந்துகொண்டே வந்தார். சரோஜினி அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, எல்லோரும் பார்க்க, மெதுவாக — வேண்டுமென்றே மெதுவாக — நடத்திக் கூட்டிப் போனார்.

"இன்னா ஆச்சு?" என்றார் சர்தார்.

"வயல்ல கரும்புக் கட்டை குத்திடுச்சு. வயல்ல" என்றார் சரோஜினி, தேவைக்கு மேல் உரக்க. பிறகு தானும் ஏறி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். கமிட்டி செக்ரட்டரியின் மனைவியே பக்கத்தில் உட்கார்ந்து போகிறார் என்றால் அதற்கப்புறம் யார் கதை கட்டுவது? நான் சுவாவில் உட்கார்ந்து வருஷக்கணக்காக யோசித்திருந்தாலும் அந்த வைத்தியம் எனக்குத் தோன்றியிருக்காது.

கிளாஸ் அன்றைக்கு அதோடு முடியவில்லை. முடிக்க நான் விடவில்லை. ஆயிஷாவை முன்னால் நிற்க வைத்தேன். நர்ஸுகள் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து ஒருவர் காலை ஒருவர் தொட்டுப் பார்த்தார்கள். அதன்பிறகு 'இது அருள் சிஸ்டர்' என்று நான் நோயாளியாக நடித்துச் சொல்ல, அவர்கள் பதில் சொல்லிப் பழக வேண்டும். முதலில் வெட்கப்பட்டார்கள். ஒருத்தி "அருள் இருக்கட்டும் அங்கிள், காலைக் காட்டுங்க" என்றாள். இது போதாதா? இதைவிட நல்ல பதில் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

திங்கட்கிழமை அதிகாரியிடம் போனேன். அடுத்த வருஷக் கிளாஸ் கோயிலில், காப்புக் கட்டுகிற நாளில், இறங்குகிற அத்தனை பேருடைய காலையும் நர்ஸுகள் பார்க்க வேண்டும் என்றேன்.

"கோயில்லயா? அது எப்படி ட்ரெயினிங் ஆகும்?"

சரோஜினி செக்ரட்டரியிடம் பேசிவிட்டார் என்றும், கமிட்டியில் இரண்டு பேர் 'பக்தியைச் சோதிக்கிறார்களா' என்று குதிக்கிறார்கள் என்றும், அவர்களைச் சரோஜினியே பார்த்துக்கொள்வார் என்றும் சொன்னேன். அதிகாரி டெலிபோனை எடுத்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. இந்த வாரமும் போவேன், அடுத்த வாரமும் போவேன்.

புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய்க் கோவிந்தனைப் பார்த்தேன். கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள். கால் இருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் முழங்கால் வரை போயிருக்கும் என்றார் டாக்டர். பாரக்கிலிருந்து ஆட்கள் வந்து போயிருந்தார்கள். செக்ரட்டரியும் கோயில் விபூதியோடு வந்தாராம். அந்த விபூதிப் பொட்டலத்தைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டினார் கோவிந்தன். எனக்குக் கண் கலங்கியது, மறைப்பானேன்?

கிளம்பும்போது கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"சுடக் கூடாதுன்னுதான் சிஸ்டர் இத்தினி வருசமா ஆத்தாகிட்ட வேண்டிக்கினு எறங்குனேன். இனிமே... சுடணும்னு வேண்டிக்கணும் போலக்குது."

வேண்டிக்கொள்ளுங்கள் அண்ணே. நானும் வேண்டிக்கொள்கிறேன்.